குதிகாலைப் பார்த்தவர்

என் முப்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, பாரிசவாதத்தில் விழுந்த அப்பாவைச் சேர்ப்பதற்காக, கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் இருந்த நோயாளர் இல்லமொன்றைப் பார்க்கப் போனேன். கழுவிய தரையும் வெள்ளை விரிப்புகளும் எனக்குப் பிடித்துப்போயின. அங்கேதான் அவரைக் கண்டேன். காத்தான்குடி நெசவாளர், ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, இடுப்பில் மடிப்புக் கலையாத சாரம். கட்டில் கட்டிலாகப் போய், சுகம் விசாரித்து, போர்வையை விலக்கி ஒவ்வொருவருடைய குதிகாலையும் தடவிப் பார்த்தார்.

“இஞ்ச நல்லாப் பாக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“தரையப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. படுத்த படுக்கையாக் கிடக்கிற ஆளப் பிரட்டிப் போடாட்டி குதிகாலும் முதுகும்தான் முதல்ல சிவக்கும். வெள்ளிக்கு வெள்ளி நான் வந்து பாக்கிறன், இப்ப பிரட்டுறாங்க.”

“உங்கட ஆள் எந்தக் கட்டில்?”

“இப்ப ஒருத்தரும் இல்ல. என்ட கூடப்பொறந்த மூத்தவர் போன வருசம் இஞ்சதான் மவுத்தானார். முதுகெல்லாம் புண். கிழமைக்குக் கிழமை வந்தன், முகத்த மட்டும்தான் பாத்துட்டுப் போனன்.”

அடுத்த கட்டிலில் ஒருவரின் குதிகால் சிவந்திருந்தது. நெசவாளர் தாதியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் முகம் சுளிக்காமல் தலையணை கொண்டுவந்து காலுக்கடியில் வைத்தாள். அப்பாவை அங்கே சேர்க்கலாமென்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

அப்பா கண்மூடும்வரை அவர் முதுகில் ஒரு புண்ணும் வரவில்லை. நான் போக முடியாத வெள்ளிகளிலும் அந்த மனிதர் போய்ப் பார்த்தார். தமையன் அப்படிச் செத்த இல்லத்துக்குள் யாரையும் கோபிக்காமல் அவரால் எப்படி நுழைய முடிந்தது? அதை நான் கேட்கவேயில்லை. இன்றுவரை எனக்கு விளங்கவுமில்லை.