சக்கரமில்லாத டேங்கருக்கு எடுத்த அளவு

ஆலையில் எல்லோரும் அவரை மேல்மாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவருடைய மூளையைப் பற்றிய அபிப்பிராயம் அல்ல, பணியிட முகவரி. சமையல் எண்ணெய் ஏற்ற வரும் டேங்கர் லாரியின் முதுகில் ஏறி, மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு, நிரம்பியதும் மூடிவிட்டு இறங்குவது அவர் வேலை. லாரி வராத நாளில் ரயில் வேகன். இருபத்தொரு வருடமாக உலகத்தைப் பன்னிரண்டடி உயரத்திலிருந்தே பார்த்துவந்ததால், முதலாளியைக்கூட அவர் வழுக்கையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

டேங்கரின் முதுகு உருண்டை. அதன்மேல் எண்ணெய் சிந்தாத நாள் கிடையாது. போன மழைக்காலத்தில் அவருடைய கூட்டாளி அங்கிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பில் கம்பி வைத்தார்கள். எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் நிர்வாகம் அதைப் பதவி உயர்வு என்றே அறிவித்தது.

அதற்குப் பிறகு நிர்வாகம் விழித்துக்கொண்டது. விழித்த நிர்வாகம் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தது: கமிட்டி போட்டது. ஏறுமேடையிலிருந்து டேங்கர் முதுகுக்கு ஆள் நடந்துபோகும் இரும்புப் பாலம், அதாவது கேங்வே, எதை வாங்கலாம் என்று தீர்மானிக்க ஐந்து பேர். டேங்கர்மேல் ஒருமுறைகூட ஏறாதவர்கள் என்பது ஐவருக்கும் பொதுவான தகுதி. அப்போதுதானே தீர்ப்பில் பாரபட்சம் இருக்காது.

கேட்லாக்கில் மூன்று ரகம் இருந்தது. ஒன்று, வண்டியின் முதுகு உயர்ந்தால் கூடவே உயரும், தாழ்ந்தால் கூடவே தாழும். படிகள் எப்போதும் சமமாக நிற்கும். நுனியில் ஆளைச் சுற்றி இடுப்புயரக் கம்பிக்கூண்டு. கமிட்டி இதைப் பார்த்த மாத்திரத்தில் நிராகரித்தது, நிறம் சாம்பல். இன்னொன்று மடக்கும்போது கிறீச்சிடும் என்று யாரோ யாரிடமோ கேள்விப்பட்டிருந்தார். மிச்சமிருந்தது ஒரே உயரத்தில் விறைத்து நிற்பது, கூண்டும் இல்லை. ஆனால் மஞ்சள். ஆலையின் பெயர்ப்பலகையும் மஞ்சள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உயரத்தையும் பொறுப்பாகவே அளந்தார்கள். ஓடுகிற டேங்கர்களை அளப்பது கஷ்டம்; வருகின்றன, போகின்றன, ஒத்துழைப்பதே இல்லை. எனவே பட்டறையில் சக்கரங்களைக் கழற்றி மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்திருந்த பழைய டேங்கரை அளந்தார்கள். ஆறு மாதமாக அது அசையவில்லை. அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

மேல்மாடியின் மனைவி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்தினாள்.

“கட்டை மேல நிக்கிற வண்டியையா அளந்தாங்க?”

“ஆமா.”

“ஸ்டூல் மேல ஏறி நிக்கிறவனுக்குத் தரையிலேருந்து அளந்து பேண்ட் தைச்ச மாதிரில்ல இருக்கு!”

“பெரிய படிப்பு படிச்சவங்க. நாம என்னத்தைச் சொல்ல?”

“லோடு ஏறினா வண்டி அமுங்கும்ல? நின்னா ஒரு அளவு, உக்காந்தா ஒரு அளவு. ரெண்டையும் பாக்காம நான் துணியில கத்திரி வைக்க மாட்டேன். போங்க, போய் அளந்துட்டு வாங்க. நீங்களும் பதவி உயர்வு வாங்கிட்டு வந்து நின்னா நான் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

அவளுடைய இன்ச் டேப்போடு இரண்டு நாள் அலைந்தார். பதினொரு லாரி, நான்கு வேகன். காலியாக ஒரு தடவை, நிரம்பியபின் ஒரு தடவை. எந்த லாரியும் மஞ்சள் பாலம் நிற்கப்போகிற உயரத்தை எட்டவில்லை. ஒரு முழங்கால் உயரம் கீழேயே நின்றன. எண்ணெய் ஏறியதும் இன்னும் ஒரு சாண் இறங்கின. வேகன்களோ உயரம்; பாலம் அவற்றின் விலாவில்தான் போய் முட்டும்.

கமிட்டித் தலைவரான பர்சேஸ் ஆபீசர் ஆர்டரைத் தயாராக வைத்திருந்தார். ‘பயன்படுத்துபவர் ஒப்புதல்’ என்ற கட்டம் மட்டும் காலி.

“வாப்பா. இங்க ஒரு கையெழுத்து.”

“போட மாட்டேன் சார். இந்தாங்க அளவு.”

ஆபீசர் அந்தத் தையல்கடைப் பழுப்புக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னய்யா இது, சட்டைக் காலர் மாதிரி இருக்கு?”

“காலர்தான் சார். லாரி அளவு காகிதத்தோட பின்பக்கம் இருக்கு.”

“கமிட்டி முடிவு பண்ணியாச்சு. பிடிக்கலைன்னா டின் கழுவுற இடத்துல ஆள் கேக்குறாங்க. நாளைக்கே போயிடு.”

“போறேன் சார். ஆனா எனக்குப் பதிலா ஏறப்போறவன் குதிக்கணும். ஒரே ஒரு தடவை நீங்க மேல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்.”

“ஏன், எனக்கென்ன பயமா?” என்று ஆபீசர் அறையைப் பார்த்துக் கேட்டார். குமாஸ்தாக்கள் அவசரமாக ஃபைலுக்குள் தலையை விட்டார்கள். வேறு வழியில்லாமல் எழுந்தார்.

மேல்மாடி அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி மேடைக் கம்பியில் மாட்டினார். மேடைப் படியொன்றில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தது. “உங்க பாலம் வந்து நிக்கிற உயரம் இதுதான் சார். அதோ லாரி. இறங்குங்க.”

ஆபீசர் பார்த்தார். முழங்கால் ஆழத்தில் ஒரு உருண்டை முதுகு எண்ணெயில் பளபளத்தது. அதற்கும் கீழே சிமெண்ட் தரை, மிகத் தெளிவாக.

“சார், சட்டுனு குதிங்க சார்! எனக்கு லேட்டாகுது!” என்று கீழிருந்து டிரைவர் உற்சாகமூட்டினார்.

ஆபீசர் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, பதவிக்குரிய கௌரவத்தோடு உட்கார்ந்தார்.

“மேல்மாடி.”

“சார்.”

“இறங்கணும்.”

“லாரி மேலயா?”

“தரைக்குப்பா!”

“இடது கால் சார். கீழ... அது வலது.”

பன்னிரண்டு படி இறங்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் கமிட்டியின் நிறக்கொள்கை அடியோடு மாறியது. விரிவான கள ஆய்வுக்குப் பின் சாம்பல் நிறப் பாலமே பரிந்துரைக்கப்படுகிறது என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. டின் கழுவும் இடத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

பாலம் வந்து இறங்கிய நாளில் ஐவரும் கீழே வரிசையாக நின்று படமெடுத்துக்கொண்டார்கள். மேல்மாடி அதில் இல்லை. அவர் மேலே வேலையாக இருந்தார். படிகள் சமமாக நின்றன. கூண்டு அவரைச் சுற்றி வந்து அமர்ந்தது. எண்ணெய் ஏற ஏற லாரி அமுங்கியது. பாலமும் சத்தம் போடாமல் கூடவே அமுங்கியது. வலது கை மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. இருபத்தொரு வருடமாக எதையாவது பிடித்துத் தொங்கியே பழகிய இடது கைக்குத்தான் பாவம், அன்றோடு வேலை போயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் காற்றில் நின்றுவிட்டு, கடைசியில் அது அவர் முதுகைச் சொறிந்தது.