வெண்கலப் பொடியும் எண்ணெய்க்காரர் சிலையும்

1. தட்டிப் பார்த்த டாக்டர்

மதுரை டாக்டர் சிலையைக் கையில் வாங்கியதும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். பிறகு நோயாளியின் முதுகைத் தட்டுவது போல இரண்டு விரலால் தட்டினார். உள்ளே காலி என்று சிலையே சொல்லிவிட்டது.

"வெளிய வெண்கலக் கலர் பெயின்ட். உள்ள ஒண்ணுமில்ல. இது பொம்மைங்க. நாங்க சேக்கிறது சிலை" என்றார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் எங்கள் பட்டறை இருந்தது. அதில் அச்சில் ஊற்றி வார்க்கும் காஸ்டிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. எனக்குக் கீழே மூன்று பெண்கள். சீசன் கடைகளுக்கு பிளாஸ்டர் பொம்மை ஊற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு, முப்பது மட்டும் செய்து நம்பர் போட்டு விற்கும் சிலைக்கான வாய்ப்பு அப்போதுதான் முதன்முதலாக வந்திருந்தது. சிலை இதுதான்: அருவிக்குக் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் குற்றாலத்து எண்ணெய்க்காரர் ஒருவர், முன்னால் குந்தியிருக்கும் ஆளின் முதுகை உருவிவிடுகிறார். ஓரடி உயரம், ஊற்றினால் இறுகிவிடும் ரெசின் பிசினில் செய்த வேலை.

டாக்டரோடு சேர்த்து, சிலை சேர்க்கும் நண்பர்கள் முப்பது பேர்; மற்றவர்களுக்கு டாக்டர் சொன்னால் சரி. அவர் வேண்டாம் என்றால் காஸ்டிங் பிரிவை மூடிவிடுவதாக முதலாளி அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். எங்கள் நாலு பேர் பிழைப்பும் அந்த எண்ணெய்க்காரரை நம்பித்தான் இருந்தது.

டாக்டர் நல்ல மனுஷர். "சீசனுக்குக் குளிக்க வருவேன். அப்ப வேற ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. மணல் வைத்தியம்

"கனம் இல்லன்னுதான சொல்லுதாரு? உள்ள மணலும் சிமென்ட்டும் போட்டு அடைச்சிரு. தூக்குனா கை எறங்கணும்" என்றார் அண்ணாச்சி.

எங்கள் பக்கம் பித்தளைக் குடம் வாங்கப் போனாலும் கையில் தூக்கிப் பார்க்காமல் விலை கேட்க மாட்டார்கள். அண்ணாச்சிக்கும் அதே புத்தி. மறைப்பானேன், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நாலு பேரும் உட்கார்ந்து, ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்த சிலைகளில் மணல் கலவையை அடைத்தோம். அடியை பிளாஸ்டரால் மூடி, மேலே மறுபடி பெயின்ட் அடித்தோம். கனம் நன்றாகவே வந்தது.

அந்த வாரமே சாரல் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த ஈரம் காய வழியில்லை. பிளாஸ்டர் வழியாகக் கசிந்து, பீடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது. பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சுரண்டிட்டு இன்னொரு கோட் அடி" என்றார் அண்ணாச்சி.

"வெண்கலத்துல எங்கயாவது உப்பு பூக்குமா அண்ணாச்சி? இனி இது மேல பெயின்ட் அடிக்க மாட்டேன்" என்றேன்.

அவருக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "அப்ப நீயே செஞ்சு கிழி. அடுத்த வாரம் டாக்டர் வருதாரு."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

3. தேய்த்த இடம் மட்டும்

உலை இல்லாத பட்டறையில் வெண்கலம் வார்க்க முடியாது. ஆனால் ரெசினில் வெண்கலப் பொடியைக் கலந்து, மோல்டின், அதாவது அச்சின், உட்புறம் முதல் கோட்டாகப் பூசலாம். அது பிடித்ததும் மார்பிள் பவுடர் கலந்த ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிறைக்கலாம். அப்படியே செய்தோம்.

மோல்டை உரித்தபோது சிலை சேற்று நிறத்தில் மங்கிக் கிடந்தது. "இதுக்கு அந்த பெயின்ட்டே தேவலையே" என்றார் அண்ணாச்சி.

நான் நைஸான ஸ்டீல் வுல்லை, அந்த இரும்புப் பஞ்சை, எடுத்தேன். முழுச் சிலையையும் தேய்க்கவில்லை. எண்ணெய் படுகிற இடங்களை மட்டும் தேய்த்தேன்: எண்ணெய்க்காரரின் கை, குந்தியிருப்பவரின் தோள், முதுகு. தேய்க்கத் தேய்க்க வெண்கலம் மேலே வந்து பளபளத்தது. வேட்டியும் தலைமுடியும் பீடமும் மங்கலாகவே இருந்தன.

அடியில் எதையும் பூசி மூடாமல் விட்டு, அதில் ஒரு வரியைப் பொறித்தேன்: 'வெண்கலப் பொடி கலந்த ரெசின். வார்ப்பு வெண்கலம் அல்ல.'

அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏட்டி செல்லம்மா, உள்ளத உள்ளபடி எழுதி வச்சா எவன் வாங்குவான்?"

"அவரு எப்படியும் கவுத்துத்தான் பாப்பாரு. பாக்கட்டும்."

4. டாக்டரின் கட்டைவிரல்

டாக்டர் ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு வந்தார். சிலையைக் கவிழ்த்தார். எழுதியிருந்ததை வாசித்தார். தட்டினார். சத்தம் கெட்டியாக வந்தது.

நிமிர்த்தி மேஜையில் வைத்து, முதன்முறையாக முகத்தைப் பார்த்தார். குந்தியிருந்தவரின் முதுகில் கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு அந்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

துடைத்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. "அட, எண்ணெய்னு நெனச்சுட்டேங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "ஒண்ணாம் நம்பர் எனக்கு. மத்தவங்களுக்கு நானே சொல்றேன். ஆனா அடியில இருக்கிற அந்த வரிய எடுத்துராதீங்க. அது இருக்கவும்தான் நம்பிக்கையா மேல பாத்தேன்."

என் கூட இருந்த மூன்று பேரும் கைதட்டிவிட்டார்கள். நானும்தான். முப்பது சிலையும் சீசன் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தன.

முதல் சிலையும் ரெசின், இதுவும் ரெசின். வெண்கலம் போல நடித்தது பொம்மையாகிப் போனது. தான் இன்னதென்று சொன்னது சிலையாகி நின்றது. கையிலிருக்கும் பொருளுக்கு என்ன அழகு வருமோ அதை வெளியே கொண்டுவந்தால் போதும், வாங்குகிறவர் மதிப்பை அவரே போட்டுக்கொள்வார். இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பட்டறைக்கு யார் வந்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே அண்ணாச்சி சிலையைத் தலைகீழாக நீட்டுவார். "மொதல்ல அடியப் பாருங்க" என்பார்.