இடப்பக்க ஹெட்லைட்

நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. என் பெயர் நிஜாம். வயது முப்பத்தொன்று. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குடிப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கவே இல்லை. என் தரப்பில் இவ்வளவுதான் சாட்சி. இனிச் சொல்வது முழுக்க எனக்கு நடந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

என் மனைவி ஃபஹீமா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். இருபத்தெட்டு வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவளுடைய கார் மட்டும் இருந்தது. 2001 மாடல். சின்ன வண்டி, தவளை மாதிரி முகம். தயாரித்த கம்பெனி எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. ஃபஹீமா கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறி நிறுவனத்தில் துணி டிசைனர். எங்கள் வீடு இருக்கும் கோட்டைமேட்டிலிருந்து தினமும் அதில்தான் போய் வந்தாள். சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. என்னை ஓட்ட விடமாட்டாள். "கியரப் போட்டுப் பிசையறீங்க" என்பாள்.

அவள் போன பிறகு வண்டி தெருவிலேயே நின்றது. ஒருநாள் மூட்டை ஏற்றிய வேன் ரிவர்ஸில் வந்து இடப்பக்க ஹெட்லைட் கண்ணாடியை உடைத்துவிட்டது. கண்ணாடி என்பது பேச்சுக்கு. பிளாஸ்டிக்தான்.

மாமனார் ஷேக் பரீத் வந்து பார்த்தார்.

"வித்துருங்க மாப்ளே. பாக்கறப்பெல்லாம் உங்களுக்கும் வேதனை, எங்களுக்கும் வேதனை."

"ஓட்டப் போறேன் மாமா."

"ஒத்தக் கண்ணு வண்டியவா?"

"இன்னொரு கண்ணு வெச்சு ஓட்டுறேன்."



உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் தேடினேன். ஒரு கடைக்காரர் என் போனில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கா? பாய், வண்டிய இங்கயே உட்டுட்டுப் போங்க. ஊட்டுக்குப் போக ஆட்டோவுக்கு நான் சொல்லி விடறேன்." பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். முகம் அசையவில்லை.

கிடைக்காது என்றால் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

ஃபஹீமாவின் தம்பி ஷாநவாஸ் டவுன்ஹால் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் இருக்கிறான். மோதிரத்துக்கும் கம்மலுக்கும் ரப்பர் அச்சு எடுப்பது அவன் வேலை. ஒரு மாதிரியைச் சிலிக்கான் ரப்பரில் பதித்துவிட்டால், அந்த அச்சிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். மோதிரத்துக்கு முடிவது ஹெட்லைட்டுக்கு முடியாதா?

உடைந்த துண்டுகளைத் தெருவில் குனிந்து பொறுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒட்டினேன். விரிசல்களை மெழுகால் அடைத்தேன். ஷாநவாஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேல பூரா கீறல் மச்சான். ரப்பர் மயிரிழையக்கூட விடாது, அப்படியே எடுத்துரும். பாலிஷ் போட்டுட்டு அச்செடுக்கலாம்."

"வேண்டாம்."

"வெளிச்சம் கலங்கும்."

"கலங்கட்டும்."

அவன் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். வட்ட வட்டமான கீறல்கள். பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும்போதெல்லாம் ஃபஹீமா பற்பசை தடவித் துணியால் தேய்ப்பாள். அவள் கை போன வழி அது.

"அக்கா தேச்சதா?"

"ம்."

பாலிஷ் மோட்டாரை அணைத்துவிட்டான்.

வெளிப்பக்கத்துக்கு ஒரு அச்சு, உட்பக்கத்துக்கு ஒரு அச்சு. ரப்பர் வளையாமல் இருக்க மேலே பிளாஸ்டர் ஓடு. தெளிந்த ரெசினில் இறுகும் மருந்தைக் கலந்து, நகை வார்க்கும் வேக்குவம் மெஷினில் வைத்துக் குமிழிகளை இழுத்தோம். முதல் வார்ப்பில் அப்படியும் குமிழிகள் தங்கிவிட்டன. அடுத்தது அச்சோடு ஒட்டிக்கொண்டு விரிசல் விட்டது. அதற்கடுத்தது சுத்தமாக வந்தது. பழைய பல்பின் சூட்டை ரெசின் தாங்காது. எல்.இ.டி. மாற்றினேன். விளிம்பில் சீலன்ட் பூசிப் பொருத்தினேன். சட்டத்தில் அப்படியே உட்கார்ந்தது.

எட்டு மாதத்தில் அன்றுதான் எனக்குப் பசித்தது.

அடுத்த வேலை, வெளிச்சம் சரியான உயரத்தில் விழுகிறதா என்று பார்ப்பது. ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து விளக்கைப் போட வேண்டும். ஒருவர் எதிர்ச் சுவரில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஒரு குடோன் சுவர் இருந்தது. மணி 7:40. நான் ஸ்டேரிங்கில். ஷாநவாஸ் சுவரோரம்.

விளக்கைப் போட்டேன். அவன் ஒரு கோடு கிழித்தான். திரும்பினான். சட்டென்று சுவரோடு ஒட்டி நின்றான், சந்தில் யாருக்கோ வழி விடுவதுபோல்.

"என்னடா?"

"யாரு மச்சான் அது?"

"எது?"

"இப்ப உங்க வண்டிக்கு முன்னால வந்து நின்னுச்சே. துப்பட்டா போட்ட பொண்ணு."

பார்த்தேன். சுவர் இருந்தது. வெளிச்சம் இருந்தது. அவன் இருந்தான். நடுவில் யாரும் இல்லை.

"மூஞ்சியப் பாத்தியா?"

"இல்ல. உங்களப் பாத்து நின்னுச்சு. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது."

சாக்பீஸ் கீழே கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

கீறல்களில் ஒளி சிதறும். தூசியில் பட்டு உருவம் மாதிரித் தெரியும். அவனிடம் அப்படித்தான் சொன்னேன். அவன் தலையாட்டினான். வீட்டுக்கு என் வண்டியில் வரவில்லை.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்தேன். எங்கே என்றில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் போவேன், திரும்புவேன். எதிரில் வந்த லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து மண்ணில் இறங்கிப் போனது. சாலை அகலமாகத்தான் இருந்தது. மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார். எனக்காக அல்ல. என் வண்டிக்கு முன்னால் எதையோ பார்த்தபடி, அது கடந்து போகும்வரை காத்திருந்தார்.

காரமடை பஸ் நிறுத்தத்தில் ஒரு பூக்காரம்மா என் ஜன்னலைத் தட்டினார்.

"ஏனுங்க தம்பி, அந்த அம்மணிய முன்னால நடக்க உட்டுப்போட்டு நீங்க சொகுசா உக்காந்துட்டு வாறீங்களே. சண்டைன்னா அதெல்லாம் ஊட்டுக்குள்ள வெச்சுக்கோணும்."

"எந்த அம்மணிங்க?"

"அட, இதா..." என்று கையை நீட்டினார். நான் விளக்கை அணைத்தேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் புரிந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. பின்னால் இருக்கும் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. லாரிக்காரனுக்குத் தெரிகிறாள். பூக்காரம்மாவுக்குத் தெரிகிறாள். என் மனைவி எனக்கு மட்டும் தெரிய மாட்டாளா?

ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஷாநவாஸைக் கூப்பிட்டேன்.

"வண்டிக்குள்ள நீ உக்காரு. நான் வெளிய நிக்கறேன்."

"பள்ளிவாசல் அஸரத்துகிட்ட ஒரு தடவ காட்டிரலாம் மச்சான். ஓதிப் பாக்கட்டும்."

"உங்கக்காதானடா. சாவியப் பிடி."

சூலூர் பக்கம் மனை பிரித்துப் போட்ட ஒரு பொட்டலுக்குப் போனோம். எல்லைக் கற்கள் மட்டும் நட்டிருந்தார்கள். நன்றாக இருட்டியிருந்தது. முன்னால் நடந்து போய்த் திரும்பி நின்றேன்.

"போடு."

க்ளிக்.

கண் கூசியது. பிறகு பழகியது.

இருந்தாள்.

எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பானட்டின் மேல் ஒரு கை. குனிந்து, கண்ணாடி வழியாக வண்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிர்நிறத் துப்பட்டா தலையை மூடியிருந்தது. காற்று இல்லை. துப்பட்டா நுனி ஆடியது.

"ஃபஹீமா."

திரும்பவில்லை.

முகத்தைப் பார்க்க இடப்பக்கமாகச் சுற்றிப் போனேன். முதுகு. வலப்பக்கம் போனேன். முதுகு.

எங்கே நின்றாலும்... முதுகு.

டக்... டக்... டக்...

பானட் தகரத்தில் நகம்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஃபஹீமா என் தோள் உயரம். இவள் குனிந்திருந்தாள். குனிந்தும் என் உயரம் இருந்தாள்.

கவனித்தேன். ஒதுக்கி வைத்தேன்.

கையை நீட்டினேன்...

விளக்கு அணைந்தது.

"ஏன்டா அணைச்ச?"

ஷாநவாஸ் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"உள்ள இருந்து எனக்கு யாரும் தெரியல மச்சான். ஆனா முன்பக்கம் அமுங்குச்சு. யாரோ கைய ஊனுன மாதிரி."

"அவதான்."

"அக்கா அவ்வளவு கனம் இல்ல மச்சான்."

மறுநாள் அவனும் மாமனாரும் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்கள். ஹெட்லைட்டைக் கழற்றிவிடலாம் என்றார்கள். வாசலில் நின்றேன். "கை வெக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்று மாலை ஃபஹீமா போய் வந்த வழியிலேயே ஓட்டினேன். அவினாசி சாலை. கருமத்தம்பட்டி. அவள் வேலை முடிந்து டீ குடிக்கும் பேக்கரி எதிரே நிறுத்தினேன். உள்ளே கூட்டமில்லை. கடைக்காரர் பெயர் திருமூர்த்தி என்று ஃபஹீமா சொல்லியிருக்கிறாள். வண்டியைப் பார்த்ததும் அவரே வெளியே வந்தார்.

"ஏனுங்க, இது டிசைனர் அம்மணி வண்டிதானுங்க?"

"ஆமாங்க. என் சம்சாரம்."

"அதானே பாத்தேன். கண்டு ரொம்ப நாளாச்சு. சுகமா இருக்கறாங்களா?"

"தவறிட்டாங்க."

அவர் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்திலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. அந்தப் பொண்ணு இப்ப உங்களோட வருதாட்ட இருக்குதுங்களே?"

"எந்தப் பொண்ணு?"

"வண்டிக்கு முன்னால நடந்து வருமே. துப்பட்டா போட்டுட்டு."

"அது என் சம்சாரங்க" என்றேன். சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அம்மணி ஸ்டேரிங்கப் புடிச்சு உக்காந்திருக்கறப்பவே அது முன்னால நடந்து வருமுங்க. அப்புறம் அது எப்படிங்க அம்மணியாகும்?"

டம்ளர் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"எப்ப இருந்துங்க?"

"போன ஆடியில இருந்து. மொதல்ல வெகுதூரம் தள்ளி நடக்கும். அப்புறம் கிட்ட. அப்புறம் பானட்ல கைய வெச்சு, பின்னாலயே காலெடுத்து வெச்சு நடக்கும், அம்மணி மூஞ்சியப் பாத்துட்டே. ஒருக்கா கேட்டே போட்டேன், யாரு அம்மணி அதுன்னு. 'நான் தனியாத்தானுங்ணா வாறேன்'னு சிரிச்சாங்க."

"கடைசியா?"

"கடைசி நாள் முன்னால யாரையும் காணோமுங்க. சரி, தொலைஞ்சுதுன்னு நெனச்சேன். வண்டி கிட்ட வந்தப்பறம் பாத்தா..."



"சொல்லுங்க."

"பக்கத்து சீட்டுல உக்காந்திருந்துச்சுங்க."

அது என்றைக்கு என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்றார். கடையில் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் காலை ஃபஹீமா எழுந்திருக்கவில்லை.

"இப்ப நான் வந்தப்ப... எங்க இருந்துச்சு?"

அவர் என் வண்டியைப் பார்த்தார். முன்னால் பார்க்கவில்லை.

இடப்பக்க ஜன்னலைப் பார்த்தார்.

"வண்டிய இங்கயே உட்டுப்போட்டுப் போங்க தம்பி. பஸ் இருக்குது."

டீயை முழுதாகக் குடித்தேன். டம்ளரை வைத்தேன்.

எட்டு மாதமாக எல்லோரும் எனக்குச் சொன்ன பதில்கள்: ரத்தக்குழாய். விதி. இறைவன் நாட்டம். அவற்றில் எதன் சட்டையையும் என்னால் பிடிக்க முடியவில்லை. இப்போது ஒருத்தி கிடைத்தாள்.

வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். சீட் காலி. என் கண்ணுக்குக் காலி.

"பெல்ட் போட்டுக்க" என்றேன். "வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஃபஹீமாவ நீ என்ன பண்ணினேன்னு சொல்லிட்டே வா."

கதவைச் சாத்தினேன். விளக்கைப் போட்டேன். ஓட்டினேன்.

அது நடந்து மூன்று மாதம். ஹெட்லைட்டைக் கழற்றவில்லை. கழற்றவும் மாட்டேன். எதிரில் வருகிறவர்கள் இப்போது ஒதுங்குவதில்லை. நான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன்.

ராத்திரி வண்டியைப் பூட்டுமுன் இடப்பக்க பெல்ட்டை நானே கழற்றி விடுகிறேன்.

காலையில் திறக்கும்போது...

மாட்டியிருக்கிறது.