கரீம் பாயின் தனிக் குவளை

விஷ ஜுரம் முதலில் வந்தபோது, ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் எல்லோரும் குடிதண்ணீருக்கு வீட்டிலிருந்து குவளை கொண்டுவந்தோம். ஜுரம் தணிந்ததும் பழைய பொதுக் குவளைக்கே திரும்பினோம். தோல் தரம் பிரிக்கும் கரீம் பாய் மட்டும் திரும்பவில்லை.

“இன்னா பாய், ஜுரந்தான் போய்டுச்சே! எங்க வாயில விஷமா கீது?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கூசிப்போய் பொதுக் குவளையை வாங்கிக் குடித்தார்; அன்றிலிருந்து அதிலேயே குடித்தார்.

ஐப்பசியில் ஜுரம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. ஷாப்பில் பாதிப் பேர் படுத்துவிட்டோம். பாய் மூலம் ஜுரம் அவர் வீட்டுக்கும் போனது; பாய் பிழைத்தார், அவர் மனைவி பிழைக்கவில்லை. குவளைதான் காரணமென்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தச் சிரிப்பைத் தொடங்கிவைத்தவன் நான் என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது ஜுரமில்லாத மாதங்களிலும் தனிக் குவளையில்தான் குடிக்கிறேன். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். பாய் சிரிப்பதில்லை, என்னை ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை.