ஒரு வருஷ எம்.பி.யும் என் கல்யாணமும்

பர் துபாயில் ஒரு டைப்பிங் கடையில் அரபியில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் எங்கள் வக்கீல் அண்ணன். ஊரில் கறுப்புக் கோட்டு போட்டவர். இங்கே அந்தக் கோட்டை யாரும் சீந்தவில்லை. ஆனால் அவர் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தால் போதும், கம்பெனி பூட்டி வைத்த பாஸ்போர்ட் வெளியே வந்துவிடும். நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்பிலேயே ஐந்தாறு பேர் அப்படி ஊர் போனார்கள்.

என் கெட்ட நேரம், அவருக்கு நல்ல நேரம் வந்தது. யாரோ ஒரு ராஜ்யசபா எம்.பி. காலமாக, மிச்சமிருந்த ஒரு வருஷத்துக்குத் தன் மச்சானின் கட்சிச் செல்வாக்கில் அண்ணனை உட்கார வைத்துவிட்டார்கள். கேம்பில் லட்டு கொடுத்தோம்.

அந்த வருஷக் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் போட்டோவை என் கட்டிலுக்கு மேலே ஒட்டி, தினம் டியூட்டிக்குப் போகும்முன் பார்த்துக்கொள்வேன். மேனேஜரோ, "பாஸ்போர்ட் மாஃபி, கலாஸ்" என்றார். கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதே டைப்பிங் கடையில் ஒரு மலையாளி மனு அடித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் கொழுப்பு. எம்.பி.யே கைக்குள் இருக்கும்போது டைப்பிஸ்ட் எதற்கு? டெல்லிக்குப் போன் போட்டேன்.

"மனுவெல்லாம் இனிமே நம்ம லெவலா தம்பி? சபையிலயே கேள்வி கேக்குறேன். வளைகுடால உள்ள அத்தனை பாஸ்போர்ட்டும் வெளிய வரும் பாரு!"

"எனக்கு என்னோடது மட்டும் வந்தா போதும்ணே."

"சின்னப் புத்திடா உனக்கு."

கேள்வி எழுதிக் கொடுத்தார். பதில் வருவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு மலையாளியிடம் ஓடினேன். இன்று வரும், நாளை வரும் என்று கடைசி நாள்வரை வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் முடிந்த நாலாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

கல்யாணத்துக்கு அண்ணன்தான் தலைமை. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாராம். மாப்பிள்ளையைக் காணாமல் மண்டபத்தில் ஒரே ரகளை. அண்ணன் எழுந்து, பெண்ணின் எதிர்காலம் பற்றி அரை மணி நேரம் வாதாடி, அவளுடைய அத்தை மகனையே மணையில் உட்கார வைத்துத் தாலியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் ஜெயித்து நான் கேள்விப்பட்ட ஒரே வழக்கு அது.

ஊர் போனதும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க என் பக்கம்ல பேசியிருக்கணும்?"

அவர் நிமிரவே இல்லை.

"நீ ஆஜராகலையே, தம்பி."