வாளி தட்டிக் கூப்பிட்ட சின்னம்மா

கிணற்றுக்கட்டில் வாளி தட்டுப்படும் சத்தம்தான் எனக்குச் சின்னம்மா. என் சின்னையாவின் பெண்சாதி. எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்ற பேரனாரின் பெயர் வைப்பது வழக்கம். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வதுமில்லை. ஆகவே பெற்ற மகனைச் சின்னம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. விளையாடப் போனவனுக்கு வாளியைத் தட்டுவா. “உன்ரை கோயில் மணி அடிக்குது, ஓடடா!” என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

சின்னம்மா குடும்பம் கனடா போன பிறகு அவர்களின் பங்குப் பனங்காணியையும் நான்தான் ஆண்டு வருகிறேன். அதனால், போன மாதம் ஒருவர் எங்கள் ஊர் நாரந்தனைக்கு வந்து, “மாமி, நான் உங்கடை சின்னம்மாவின்ரை பேரன்” என்றபோது, கதிரை கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை. எழுத்து எனக்கு மட்டுமட்டு. ஆட்களை வாசிப்பேன்.

குடும்ப மரம் கீறுகிறாராம். கைபேசியில் பெட்டி பெட்டியாகப் பெயர்கள். சின்னையாவின் தகப்பனை, எங்கள் அப்புவை மட்டும் காணவில்லை.

“அப்பு எங்கை?”

“அப்பாவின்ரை பேரே மேலையும் கிடந்தது மாமி. ஒரே ஆளை ரெண்டு தரம் போட்டிட்டினம் எண்டு அழிச்சுப்போட்டன்.”

காணி அப்புவுடையது. அப்புவையே அழித்தவருக்கு என் வேலி எம்மாத்திரம்?

“உம்மடை அப்பம்மா அப்பாவை என்னெண்டு கூப்பிடுவா?”

“பேர் சொல்லித்தான்.”

பிடிபட்டார் என்று எழும்பிவிட்டேன். “எங்கடை சின்னம்மா அந்தப் பேரைச் சொல்லமாட்டா. நீர் வேறை வளவைப் பாரும்.”

“முதலிலை கரண்டியாலை சட்டியிலை தட்டுவாவாம். வயசு போனாப் பிறகுதான் பேர் சொல்லத் துவங்கினவ. நாள் முழுக்கக் கூப்பிடுவா. என்னம்மா எண்டு அப்பா வந்தால், ஒண்டுமில்லை, சும்மா கூப்பிட்டனான் எண்டுவா.”

நான் திரும்ப இருந்தேன். தட்டின கதையை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்தச் ‘சும்மா’வை யார் சொல்லிக் கொடுப்பது?

அப்புவைத் திரும்ப மேலே போடுவித்தேன். காணிக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் அவர் பனைகளுக்குள் இறங்கி எல்லைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எதைப் பார்க்கிறாரோ. கூப்பிட வாயைத் திறந்தேன். அவரும் தலைப்பிள்ளை. அவருக்கு என் சின்னையாவின் பெயர். அதை எப்படி நான் சத்தம் போட்டுக் கூப்பிடுவது?

வாளியை எடுத்துக் கிணற்றுக்கட்டில் தட்டினேன். எல்லையைப் பார்த்து நின்றவர் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார்.