தானாகத் திரும்பிய படகு

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் படகிலே ஒரு கையில் டீ, மறு கையில் முதலை வடிவத்துக் கிம்புலா பணிஸ் ரொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போ படகை யார் ஓட்டினது? காற்று!

சிரிக்காதீங்க. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் டேம் தண்ணியிலே பாய் கட்டிப் படகு விடுகிற கிறுக்கு இவருக்கு மட்டும்தான். ஒரு கை பாய்க் கயிற்றில், ஒரு கை சுக்கான் தடியில்... மூக்கு அரித்தால்கூட நான்தான் சொறியணும். அதுக்காகவே தேயிலைப் பெட்டிப் பலகையிலே ஒன்று செய்தார்.

விசயம் ரொம்ப சிம்பிள். படகின் பின்பக்கம் ஆடுகிற மாதிரி ஒரு பலகை, கீழே பாரத்துக்குப் பழைய பூட்டு. காற்று வரும் பக்கம் விளிம்பைத் திருப்பி வைத்தால் பலகை நேராக நிற்கும். படகு கொஞ்சம் விலகினால் காற்று பலகையின் முகத்தில் அடிக்கும், பலகை சாயும், அதில் கட்டிய கயிறு சுக்கான் தடியை இழுக்கும். படகு பழையபடி திரும்பிவிடும். பேட்டரி வேணாம், பெட்ரோல் வேணாம். இத்தனூண்டு பலகைக்கு எப்படித் தெரியுது என்று எனக்கே ஆச்சரியம்!

அன்றைக்கு நாங்க போனது அக்கரைத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு. அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம். இவர்தான் ஞானத் தகப்பன். சும்மா இல்லை... என் தங்கச்சி கல்யாணத்திலே பந்திக்கு யாரும் கூப்பிடலை என்று இவர் சாப்பிடாமல் வந்ததிலிருந்து, ஒரு வருசமா இவருக்கும் அண்ணனுக்கும் பேச்சே இல்லை. இப்போ அண்ணனே அண்ணியை அனுப்பி, ஞானத் தகப்பனா நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கார். இதுவும் கெட்டால்? ஃபாதர் வேற மாசத்துக்கு ஒரு தடவைதான் அந்தத் தோட்டத்துக்கு வருவார்.

பஸ்ஸிலே போகலாம் என்றேன். கேட்டாரா? "பாரு, கோயில் சிலுவைக்கு நேரா வச்சிட்டேன். இனி அதுவே கொண்டு போய் விட்டுரும்."

போச்சு... அழகாத்தான் போச்சு. இரண்டு பேரும் படகின் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையையே வேடிக்கை பார்த்தோம். சாயுது, நிமிருது, சாயுது. டீயைக் குடித்து முடித்துத் திரும்பினேன் — எதிரே எங்க லயத்து வீட்டுக் கூரை!

"என்னங்க, வீட்டுக்கே வந்துட்டோம்!"

"அதெப்படி? பலகை சரியாத்தானே நிக்குது!"

சரியாகத்தான் நின்றது. மலை இடுக்கிலே காற்று மெல்லத் திசை மாறியிருக்கு. பலகையும் காற்றை விடாமல் பிடித்துக்கொண்டு படகைத் திருப்பியிருக்கு. அதுக்குக் காற்றைத்தான் தெரியும். சிலுவையைத் தெரியுமா, என் அண்ணனைத் தெரியுமா?

இவர் பலகைக் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சுக்கானைக் கையிலே பிடித்து, படகை மறுபடி கோயில் பக்கம் திருப்பினார். கோயில் கரை கிட்ட வந்தால்... அண்ணன் புதுக் கோட்டும் சூட்டுமா இடுப்பளவு தண்ணியிலே நிற்கிறார், கண் கலங்கிப்போய். பாதி வழியிலே படகு திரும்பினதை மொத்தக் கோயிலும் பார்த்திருக்கு!

"மாப்ள, கோவிச்சுக்கிட்டுப் போயிராதீங்க! பந்திக்குக் கூப்பிடாதது என் தப்புதான்!"

ஒரு வருசமா வராத வார்த்தை. "ஐயோ மச்சான், நான் எங்க திரும்பினேன், காத்து..." என்று இவர் ஆரம்பித்தார். நான் நறுக்கென்று காலை மிதித்தேன்.

"வந்துட்டேன்ல மச்சான்" என்றார்.

சொட்டச் சொட்ட அண்ணன், பக்கத்திலே பிள்ளையை ஏந்திக்கொண்டு இவர். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். எனக்குத்தான் அழுகை நிற்கவே இல்லை.

அண்ணன் பத்திரிகையிலே ஸ்போர்ட்ஸ் பக்கம் மட்டும்தான் படிப்பார் — அந்தத் தைரியத்திலேதான் இதை எழுதுகிறேன்!